மாத்திரைக்கு எந்தக் காப்பீடு? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாட்டு மருத்துவக் காப்பீட்டின் வரலாற்றைச் சொல்வோர் வழக்கமாக 2009 ஜூலையில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் தொடங்குவார்கள். அடுத்து 2012 ஜனவரியின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீடு, 2018-இல் அதனோடு இணைந்த மத்திய அரசுத் திட்டம், 70 வயது நிறைந்தவர்களுக்கென 2024 அக்டோபரில் வந்த 5 லட்ச ரூபாய் அட்டை என்று படியேறுவார்கள். முதியோரின் மருந்துப் பாதுகாப்பும் இதே படிகளில்தான் வளர்ந்தது என்பது அந்த வாசிப்பு. விழுப்புரம் மாவட்டத்தை வைத்துப் பார்த்தால் அது நிற்காது.

இத்திட்டங்கள் அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. மத்தியத் திட்டத்தில், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள் மருந்துச் செலவு அடங்கும். மாநிலத் திட்டத்தில் தொடர்சிகிச்சைத் தொகுப்புகள் சில உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஒருநாளும் ஆஸ்பத்திரியில் படுக்காமல், இருபது வருடமாகச் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் விழுங்கும் திண்டிவனத்துப் பெரியவருக்கு அந்த அட்டையால் மாத்திரை கிடைப்பதில்லை. காப்பீட்டுத் தொகை 1 லட்சத்திலிருந்து 5 லட்சமானது வளர்ச்சிதான், வேறொன்றின் வளர்ச்சி.

முதுமைவரை புறநோயாளி மருந்துக்கும் உரிமை தந்த ஏற்பாடு அதற்கு முன்பே இருந்தது. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் மத்திய விதிகளில் 61-ஆம் விதி அது. ஐந்தாண்டுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து ஓய்வுபெற்றவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஓராண்டுக்கான 120 ரூபாயை முன்கூட்டியே கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் மருத்துவ உதவி தொடரும். இவ்வளவு மலிவான முதியோர் மருந்துக் காப்பீட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பிறகு ஏன் இவ்வட்டாரத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை? விடை 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பருவகால ஆலைகளுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. எவை பருவகால ஆலைகள் என்று வரையறுத்த பிரிவு ஒரு பட்டியல் தந்தது: பஞ்சு அரைத்தல், காப்பி, அவுரி, அரக்கு, ரப்பர், தேயிலை என்று போகும் அந்த வரிசையில் நிலக்கடலை உடைப்பும் சர்க்கரை, வெல்லம் காய்ச்சுதலும் இருந்தன. மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் திண்டிவனத்துக்கும், கரும்பாலை நிற்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இதைவிட நேராக எழுதிவிட முடியாது. இந்த வேலைகளை மட்டுமே செய்யும் ஆலைக்குத்தான் விலக்கு. வேறு உற்பத்தியும் சேர்ந்தால் நிலை மாறலாம். அதனால் இவ்வட்டாரத்து ஆலைகள் அத்தனையும் விலக்குக்குள் போயின என்று நான் சொல்லவில்லை. ஆயினும் கழனிக்கூலிகளை அச்சட்டம் தொடவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே 61-ஆம் விதிக்கு ஆள் அகப்படுவது அரிது. சென்னைப் பக்கமோ புதுச்சேரியிலோ கம்பெனி வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களே மிச்சம்.

மற்றவர்களுக்கு மாத்திரை வந்த வழி வேறு. 1994-இல் பதிவாகி மறு ஆண்டு வேலையைத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பியது. இதைக் கொள்முதல் திறமையின் கதையாகவே பலர் எழுதுகிறார்கள். வரி சந்தாவாகி, நோய் வந்தவருக்கு மாத்திரையாகத் திரும்பும்போது அது காப்பீட்டின் வேலையைத்தானே செய்கிறது? சான்று மெலிந்த இடம் இது என்று தெரிந்தே சொல்கிறேன். ஏனெனில் மருந்து பெறுவதற்குக் கழகம் தந்த பாஸ்புக் மருத்துவமனையின் பேரில்தான், நோயாளியின் பேரில் இல்லை. ஜிஎச்சில் மாத்திரை தீர்ந்துபோனால் கேட்பதற்கு உரிமைச்சீட்டு எதுவும் கிடையாது.

மாதாந்திர மாத்திரை வாங்க முதியவர்கள் ஜிஎச்சில் வரிசை நிற்பது எப்போது வழக்கமானது என்பதற்கு ஒற்றைத் தேதி குறிக்க இயலாது. கழகம் தொடங்கிய 1995-க்கும், தொற்றாநோய்ப் பிரிவுகள் மாநிலமெங்கும் பரவிய 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கும் நடுவே அது மெல்ல நிகழ்ந்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த வரிசையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் கையிலுள்ள பதிவில் இப்போது நோயாளியின் பெயர் இருக்கிறது. 120 ரூபாய் கட்டியவருக்கு இருக்கும் கேட்கும் உரிமை மட்டும் அந்தப் பெயரோடு சேரவில்லை.