டப்பா டிவியும் கம்ப்யூட்டரும்: ஒரு குடும்பம் பிரிஞ்ச கதை

மக்களே, பழைய பிக்சர் டியூப் டிவியில புது கம்ப்யூட்டரை மாட்ட முடியுமான்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. "காயலாங்கடையில போட்டுட்டு எல்இடி வாங்குய்யா"ன்னுதான் பதில் வரும். ஆனா இந்த ரெண்டு பேரும் ஒரு காலத்துல ஒரே குடும்பம். கம்ப்யூட்டர் வீட்டுக்குள்ள நுழைஞ்சதே டிவியோட கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான். எப்போ, ஏன் பிரிஞ்சாங்கங்கறதுதான் இந்தப் பதிவு.

1973 செப்டம்பர்ல 'ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்'னு ஒரு அமெரிக்கப் பத்திரிகையில டான் லங்காஸ்டர் ஒரு கட்டுரை எழுதினார். பேரு 'டிவி டைப்ரைட்டர்'. வீட்டுல இருக்கற சாதாரண டிவியில எழுத்தை வரவழைக்கற சர்க்யூட். ஒரு வரிக்கு 32 எழுத்து, மொத்தம் 16 வரி, அவ்ளோதான். அதுவரைக்கும் டிவின்னா யாரோ அனுப்பறதை நாம பார்க்கற பொட்டி. நாம தட்டறது அதுல தெரியும்ங்கறதே அன்னைக்குப் பெரிய விஷயம்.

1977ல ஆப்பிள் 2 வந்தது. ஸ்டீவ் வாஸ்னியாக், அமெரிக்காவோட என்டிஎஸ்சி கலர் முறையோட நெளிவு சுளிவைப் பயன்படுத்தி, ரொம்பக் கம்மி சிப்புலயே டிவியில கலர் கொண்டு வந்துட்டார். ஆனா அன்னைக்கு டிவில ஆன்டெனா சொருகற துளை மட்டும்தான் இருக்கும். அதுல மாட்டணும்னா ஆர்எஃப் மாடுலேட்டர் வேணும். கம்ப்யூட்டரோட படத்தை ஒரு சேனல் மாதிரி மாத்தித் தர்ற சின்ன டப்பா அது. டிவியைப் பொறுத்தவரை கம்ப்யூட்டரும் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம்தான் :-)

அப்புறம் 1981ல இங்கிலாந்துல சின்க்ளேரோட இசட்எக்ஸ் 81 வந்தது. விலை 70 பவுண்டுக்கு அஞ்சு பென்ஸ் கம்மி. மறு வருஷம் ஸ்பெக்ட்ரம், 125 பவுண்டு. எப்படி இவ்வளவு மலிவு? ஸ்கிரீன் உங்க வீட்டுல ஏற்கனவே இருக்கே! ரெண்டுலயுமே டிவி கேபிளுக்கான துளைதான் இருந்தது. 1981 ஆகஸ்ட்ல வந்த ஐபிஎம் பிசியே 1,565 டாலர் ஆரம்ப மாடலை, வீட்டு டிவியையும் கேசட் பிளேயரையும் மாட்டிக்கலாம்னு சொல்லித்தான் வித்தது. நம்ம நாட்டுல 1984-85ல மத்திய அரசு பள்ளிகளுக்காக ஆரம்பிச்ச 'கிளாஸ்' திட்டத்துல வந்த பிபிசி மைக்ரோவும் டிவியில மாட்டக்கூடிய மெஷின்தான்.

இப்படி நல்லாப் போயிட்டிருந்த குடும்பத்துல என்ன தகராறு? எழுத்துதான்.

ஆபீஸ் வேலைக்கு ஒரு வரியில 80 எழுத்து வேணும். எழுத்துக்கு 8 புள்ளின்னு வச்சா வரிக்கு 640 புள்ளி. நம்ம ஊர் பால் முறையில ஒரு வரியோட படம் தெரியற நேரம் வெறும் 52 மைக்ரோ செகண்ட். அதுக்குள்ள 640 புள்ளியை அடக்க 6 மெகாஹெர்ட்ஸுக்கு மேல வேணும். ஒளிபரப்புல படத்துக்குக் கிடைக்கறதோ 5. கலர் வேற அதே ஒயர்லயே பங்கு கேட்கும். அதனாலதான் அந்தக் கால ஹோம் கம்ப்யூட்டர் பலதும் 32, 40 எழுத்தோட நிறுத்திக்கிச்சு.

1987ல ஐபிஎம் விஜிஏவைக் கொண்டு வந்தப்ப முறிவு முழுசாயிடுச்சு. டிவி ஒரு செகண்டுக்குப் போடறது 15,625 வரி. விஜிஏ போடறது கிட்டத்தட்ட 31,500. அதாவது ரெண்டு மடங்கு வேகம். ஒயரை எப்படி வெட்டி ஒட்டினாலும் டிவி அதோட ஓட முடியாது. கம்ப்யூட்டர் வாங்கினா தனி மானிட்டரும் வாங்கியாகணும்னு ஆச்சு. எழுத்து தெளிவாச்சு, உண்மை. ஆனா கம்ப்யூட்டர் வீட்டுக்குள்ள வர்றதுக்கான செலவும் கூடிப் போச்சு.

இந்தப் பிரிவோட பலன் நம்ம ஊர்லயே கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சது. 2006 செப்டம்பர் 15ல தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சது. 14 இஞ்ச் டியூப் டிவி, ஒரு கோடி வீட்டுக்கும் மேல போச்சு. சரியா அஞ்சு வருஷம் கழிச்சு, 2011ல அதே செப்டம்பர் 15, மாணவர்களுக்கு இலவச லேப்டாப். எத்தனையோ வீட்டுல ரெண்டும் ஒரே அலமாரியில இருந்திருக்கும். ஆனா நடுவுல மாட்ட நேரடியா ஒரு ஒயர் கிடையாது!

சரி, இப்ப மாட்ட முடியுமா? தாராளமா. நான் வீட்டுல ஒரு 14 இஞ்ச் டிவியில மாட்டிப் பார்த்தேன். 'ஹெச்டிஎம்ஐ டு ஏவி' கன்வர்ட்டர்னு சின்ன டப்பா கிடைக்குது. ஒரு பக்கம் லேப்டாப், இன்னொரு பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின். வாங்கும்போது எதிர்ப்பக்கத்துக்கான 'ஏவி டு ஹெச்டிஎம்ஐ'யைத் தள்ளிடப் போறாங்க, பேரைப் பார்த்து வாங்குங்க. டப்பாவுல இருக்கற ஸ்விட்சை பால்-க்குத் தள்ளுங்க. என்டிஎஸ்சியில விட்டா பல டிவியில படம் கருப்பு வெள்ளையா வரும், இல்ல உருளும். ஏவி துளையே இல்லாத ரொம்பப் பழைய டிவின்னா, பரண்ல கிடக்கற விசிஆரை நடுவுல வைக்கலாம். அதுக்குள்ளயே மாடுலேட்டர் இருக்கும்.

படம், பழைய கேம் எல்லாம் அருமையா இருக்கு. எழுத்துதான் பாடாய்ப்படுத்துது. 1987ல எதுக்காகப் பிரிஞ்சாங்களோ, அதே பிரச்னை அப்படியே உட்கார்ந்திருக்கு. மெல்லிசான படுக்கைக் கோடெல்லாம் சிமிட்டுது, ஓரத்துல டாஸ்க்பார் பாதி மறைஞ்சு போகுது. தமிழ்னா இன்னும் மோசம். 'ணை', 'ழு' எல்லாம் சுழி அடைச்சுக்கும். எழுத்து அளவை ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தினப்புறம்தான் படிக்க முடிஞ்சது. (டிவி மூடியை மட்டும் கழட்டிப் பார்க்காதீங்க சாமி. டியூப்ல இருக்கறது 20 ஆயிரம் வோல்ட் சமாச்சாரம், ஆஃப் பண்ணினப்புறமும் மிச்சம் நிக்கும்.)

பிரிஞ்ச குடும்பத்தைச் சேர்த்து வைக்க நினைச்சவங்களும் உண்டு. 2012ல 35 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை போர்டுல, ஹெச்டிஎம்ஐயோட அந்த மஞ்சள் துளையும் இருந்தது. மாடல் ஏ, மாடல் பிங்கற பேரே பிபிசி மைக்ரோகிட்ட வாங்கினதுதான். வீட்டுல இருக்கற டிவியே போதும், பசங்க புரோகிராம் எழுதட்டும்ங்கற பழைய கணக்கு. ஆனா 2023ல வந்த பை 5ல அந்தத் துளை போயிடுச்சு. வேணும்னா போர்டுல ஒயரை நாமளே பத்த வச்சுக்கணும்.

கம்ப்யூட்டர் மலிவானதுக்குச் சிப்பு மட்டும் காரணமில்ல, இருக்கற பொருளை வச்சு ஒப்பேத்தற புத்தியும்தான்னு நான் நினைக்கறேன். உங்க வீட்டு டிவி இன்னும் காயலாங்கடைக்குப் போகலைன்னா, ஒரு தடவை மாட்டிப் பாருங்க. என்ன டிவி, எவ்வளவு தூரம் படிக்க முடிஞ்சதுன்னு வந்து சொல்லுங்க.