மின்வாரியத்தின் அனாமத்துக் கணக்கு



இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போடுவோம். பரீட்சையில் நான் அடிக்கடி செய்வது இது :) நம்ம ஊர் மின்வாரியமும் இதைத்தான் செய்தது என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1-ல் தொடங்கியது. கிராமம் கிராமமாகக் கம்பி இழுத்தார்கள். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த எங்க அப்பிச்சி மாதிரி ஆட்களுக்கு மோட்டார் வந்தது பெரிய விடுதலை. கூடவே கரண்ட் பில்லும் வந்தது.

1970-ல் யூனிட்டுக்குச் சில பைசா கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 3 பேர் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வீதிகளை மாட்டு வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1989-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கியது. ஆக, இலவச மின்சாரம் யாரோ போட்ட பிச்சை இல்லை, உயிர் கொடுத்து வாங்கியது. இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

ஆனால் இலவசம் வந்தபோது மீட்டருக்கு வேலை இல்லாமல் போனது. பிரச்சினை இங்கேதான் ஆரம்பம்.

ஒரு உதாரணம் (எண்கள் என் கற்பனை). வாரியம் 100 யூனிட் அனுப்புகிறது. வீடு, கடை, தொழிற்சாலை மீட்டர்களில் 60 பதிவாகிறது. மீதி 40 எங்கே? தோட்டத்துக்கு 30 என்று எழுதினால் லைன் லாஸ் 10. தோட்டத்துக்கு 20 என்று எழுதினால் லாஸ் 20. இரண்டு விதமாக எழுதினாலும் கணக்கு டேலி ஆகும்! பழைய கம்பியில் வீணாவது, கொக்கி போட்டுத் திருடுவது எல்லாவற்றையும் விவசாயி தலையில் எழுதிவிடலாம். இழப்பு எவ்வளவு என்றே தெரியாத நிறுவனம் அதை எப்படிக் குறைக்கும்?

2003 மின்சாரச் சட்டம் இரண்டு வருடத்துக்குள் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வேண்டும் என்றது. அதே 2003-ல் ஜெயலலிதா அரசு விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் கொண்டு வந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கூட்டணி 39 தொகுதியிலும் தோற்றது. அந்த மாதமே கட்டணம் வாபஸ். காலக்கெடு முடிந்த பிறகும் பெரும்பாலான தோட்டங்களுக்கு மீட்டர் வரவில்லை. மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற பயம்!

மற்றவர்களுக்கும் 2003-க்குப் பிறகு 2010 வரை கட்டணம் ஏறவில்லை. கடன் ஏறியது. 2017-ல் உதய் திட்டத்தில் ரூ.22,815 கோடிக் கடனை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதாவது நம் தலையில்.

இலவசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பில் வேண்டாம், மீட்டர் மட்டும் வையுங்கள் என்கிறேன். எத்தனை யூனிட் என்று தெரிந்தால் அரசு அதற்கான பணத்தை வாரியத்துக்குச் சரியாகக் கொடுக்கலாம், விவசாயியும் திருட்டுப் பழியிலிருந்து தப்பிக்கலாம். அப்பிச்சியிடம் இதைச் சொன்னேன். "இன்னைக்கு மீட்டரு, நாளைக்கு பில்லு. போடா!" என்றார்.

அவர் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.