நிலக்கரிச் சாம்பல் குறையும்போது மண் கைகொடுக்குமா?

ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போய்வரும் எம்மவர்களுக்கு, அதே ஊன்ரொப் பகுதியிலுள்ள நிலக்கரி மின்நிலையம் தெரிந்த இடம்தான். 2021 இல் அங்கே நிலக்கரி எரிப்பது நின்றுவிட்டது. 2020 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜேர்மனி முழுவதிலும் நிலக்கரி மின்சாரம் 2038 க்குள் முடிவுக்கு வரவேண்டும். காற்றுக்கு இது நல்லது. கட்டடத் துறைக்கோ ஒரு நட்டம்: எரிகலனின் புகையிலிருந்து வடித்தெடுக்கும் மென்மையான 'பறக்கும் சாம்பல்' இனிக் குறைந்துகொண்டே போகும்.

இந்தச் சாம்பல் சீமெந்தின் இடத்தைப் பிடிக்கக்கூடியது. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக் கல்லைக் களியோடு சேர்த்து 1450 பாகை வரை சூடாக்குகிறார்கள். உலகின் கரியமிலவாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 வீதம் சீமெந்து உற்பத்தியால் வருகிறது. சாம்பலுக்கு அப்படிச் சூளை வேண்டாம். எரிசோடாவும் நீர்க்கண்ணாடியும் (இங்கே 'வாசர்கிளாஸ்') சேர்ந்த கரைசல், சாம்பலிலுள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்து, வலைபோலப் பின்னிக் கல்லாக்குகிறது. இதற்கு 'ஜியோபொலிமர்' என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ். அவருக்கு முன்பே, 1950களில், கியேவில் விக்டர் குளுக்கோவ்ஸ்கி இவ்வகைப் பொருளைச் செய்து 'மண் சீமெந்து' என்று அழைத்தார்.

ஆகவே சாம்பலில் ஒரு பங்கைக் குறைத்து மண்ணைப் போடுவது புதுக் கதையல்ல. களிமண்ணிலும் சிலிக்காவும் அலுமினாவும் இருக்கின்றன. ஆனால் பச்சை மண்ணில் அவை படிகமாக அடுக்கப்பட்டிருப்பதால், காரக் கரைசலுக்கு இலகுவில் அசையா. 600 முதல் 800 பாகையில் சுட்டால் அந்த அடுக்குக் குலைந்து மண் நன்றாக வினைபுரியும். சுடாத மண் பெரும்பாலும் இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். அத்தோடு சாம்பல் மணிகள் உருண்டையானவை, கலவை வழுக்கி ஓடும்; களித்துகள்கள் தட்டையானவை, தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் கூடினால் வலு குறையும், காயும்போது வெடிப்பு விழும். பச்சை மண் கலந்தது சுவர்க்கல்லுக்குப் போதும். தூணுக்கும் கூரைத் தட்டுக்கும் நான் நம்பமாட்டேன். ஜேர்மனியிலும் நியமத்துக்குள் அடங்காத பொருளால் பாரம் தாங்கும் சுவர் எழுப்புவதென்றால், பேர்லினிலுள்ள கட்டடத் தொழில்நுட்ப நிறுவனத்தின் அனுமதி போன்ற தனி அனுமதி வேண்டும்.

ஊரில் வீடு கட்டக் காசு அனுப்புபவர்களுக்கும் இதில் விடயம் உண்டு. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990 இல் போருக்குள் நின்றபின், வடக்கில் சீமெந்து என்றாலே வெளியிலிருந்து வருவதுதான். நுரைச்சோலை மின்நிலையத்தில் 2011 முதல் சாம்பல் விழுகிறது. சுண்ணம் குறைந்த சாம்பலானால், கற்களை முதல் நாள் 60 முதல் 80 பாகைச் சூட்டில் வைத்தால்தான் சீக்கிரம் இறுகும். எங்கள் வெயில் மட்டும் காணாது. மண்ணுக்காகத் தோட்டத்துச் செம்பாட்டைக் கிண்ட வேண்டாம். மேல்மண்ணிலுள்ள உக்கல் கலவையைக் கெடுக்கும், தோட்டமும் போய்விடும்; அத்திவாரம் வெட்டும்போது வரும் அடிமண்ணே நல்லது. எரிசோடா தோலையும் கண்ணையும் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் எந்த மேசனையும் இதைக் குழைக்க விடாதீர்கள்.