மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் பறந்த கதை

சென்னை ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கற பல்லாவரத்தை எத்தனையோ தடவை தாண்டியிருப்பீங்க. 1910 மார்ச்சில், ஏர்போர்ட் வருவதற்கு ரொம்ப முன்னாடியே, அங்கே ஒருத்தர் தன் சொந்த விமானத்தில் பறந்தார். ராணுவக்காரர் இல்லை, மவுண்ட் ரோட்டில் டி'ஆஞ்சலிஸ் ஹோட்டலை நடத்திய ஜாக்கோமோ டி'ஆஞ்சலிஸ்!

1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்த ஆசை இவரையும் பிடிச்சுக்கிச்சு. விமானத்தை இவரே வடிவமைத்தார். செய்துகொடுத்தது, கோச்சு வண்டிகளுக்குப் பேர்போன சிம்ப்சன் கம்பெனி.

ஆனா, 'இந்தியாவில் முதலில் பறந்தது எங்கே?' என்று கேட்டால், பெரும்பாலும் 1910 டிசம்பர், அலகாபாத் என்றுதான் பதில் வரும். அங்கிருந்துதான் 1911 பிப்ரவரி 18-ல் ஆன்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்தார். கடிதங்களில் தனி முத்திரை. தபால்தலை சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அதைத் தேடி வாங்குறாங்க.

நம்ம ஹோட்டல்காரர் தபால் எதுவும் கொண்டுபோகவில்லை. அவர் ஹோட்டலும் பின்னால் கைமாறி, 'பொசோட்டோ' என்று பெயர் மாறியது.

கோட் எழுதுற எனக்கு இது நல்லாவே புரியுது: செஞ்சு முடிச்சா மட்டும் போதாது, பதிவும் இருக்கணும். அந்தப் பதிவுல நம்ம பங்கு இந்த எபிசோட். அடுத்த தடவை பல்லாவரத்தைத் தாண்டும்போது, பக்கத்துல இருக்கறவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க.