தாடி என்பது அடைப்புக்குறிக்குள்

நோய்களுக்கு எண் வைத்த வரலாற்றை வெறும் மருத்துவ வரலாறாகப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த உடம்பு பதிவாக வேண்டும், எது ஆகக் கூடாது என்று முடிவு செய்த வரலாறு அது. காலரா, காசநோய் என்று பெரிய நோய்களை எடுத்தால் சாவின் கனம் இந்த அரசியலை மறைத்துவிடும். ஆகவே அற்பமான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: மழித்த முடி வளைந்து திரும்பித் தோலுக்குள்ளேயே வளர்வது. 'ஷேவ் பண்ணா பொரிப்பொரியா வருதுங்க' என்று சொல்லிவிட்டுப் போகிற சமாச்சாரம்.

அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் முதல் கையாளும் ஐ.சி.டி. 10 சி.எம். தொகுப்பில் இதன் எண் எல் 73.1. பெயர் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. பார்பே என்றால் தாடியின். அகரவரிசைச் சுட்டியில் 'உள்வளரும் முடி'யைத் தேடினால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் தாடி. குறியீட்டு இலக்கணப்படி அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல் பதிவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் மாறாது. எனவே ஒரு பெண்ணின் முழங்காலுக்குக் கீழே வளைந்த முடியும் இந்தச் சுட்டியின் வழியே தாடியின் எண்ணுக்குள்தான் போய் விழுகிறது. இந்த எண்களைப் போடுகிற வேலையில் சென்னையில் நம் பட்டதாரிப் பிள்ளைகள் ஏராளம். மருத்துவர் எழுதாததை ஊகிக்காதே, ஆவணத்தில் இல்லாதது நடக்கவேயில்லை என்பது அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாலபாடம். (பூக்கோவை வருஷக்கணக்கில் படித்து நாம் வந்துசேர்கிற இடத்துக்கு அவர்கள் சில மாதப் பயிற்சியில் வந்துவிடுகிறார்கள்.)

ஏன் தாடி? சுருண்ட முடி கொண்ட கறுப்பின ஆண்களுக்கு இது அதிகம் வருகிறது. முகம் மழிக்கச் சொன்னது ராணுவமும் கம்பெனியும். 1956இல் ஸ்ட்ராஸ், கிளிக்மேன் என்ற இருவர் தாடியின் இந்தப் போலி அழற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். இதே ஆல்பர்ட் கிளிக்மேன்தான் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தியவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அந்நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2022இல். ஆனால் பெயர் கிடைத்ததால் இன்னொன்றும் நடந்தது. தாடி வைக்கக் கூடாது என்ற டாமினோஸ் பீட்சா நிறுவனத்தின் விதி, இந்நோயுள்ள கறுப்பின ஊழியர்களைப் பாதிக்கிறது என்று வழக்கு வந்தது. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு விலக்கு தர வேண்டும் என்றது. அதிகாரம் வைத்த பெயரையே பிடித்துக்கொண்டு அதிகாரத்திடம் பேச முடிந்திருக்கிறது. பெயரிடுதலை ஒடுக்குமுறையாக மட்டும் பார்க்கும் நம் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த எண்களின் மூலம் ழாக் பெர்த்தியோன் 1893இல் சிகாகோவில் முன்வைத்த மரணக் காரணப் பட்டியல். அவருடைய தம்பி அல்ஃபோன்ஸ்தான் குற்றவாளிகளின் உடலை அளந்து அடையாளம் காணும் போலீஸ் முறையை உண்டாக்கியவர். நோயை வகைப்படுத்திய கையும் குற்றவாளியை வகைப்படுத்திய கையும் ஒரே வீட்டுக் கைகள். அந்த அளவைக் கலை மெட்ராசுக்கும் வந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் என்று ஏழு தொகுதிகள் போட்டார். நாவிதர் சமூகத்துக்கும் அதில் ஒரு பதிவு உண்டு; தலைப்பாக உள்ள சொல் இன்று வசவு.

அந்தச் சமூகத்துக்கு வருகிறேன். முடி வெட்டியவர்கள்தாம் கட்டியைக் கீறினார்கள், முள் எடுத்தார்கள், தோலுக்குள் சுருண்ட மயிரை ஊசியால் நெம்பி வெளியே விட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேற்கத்திய மருத்துவம் படித்தவர்களுக்கே பதிவேட்டைத் திறந்தது. இன்று தமிழக அரசின் சாதிப் பட்டியலில் இவர்கள் பெயர் மருத்துவர். மருத்துவப் பதிவேட்டில் கிடையாது. சான்றிதழில் மட்டும் டாக்டராக இருக்கிற ஒரு சாதி!

இவர்கள் கையே ஒரு நோயின் இடமானதும் உண்டு. விரலிடுக்கில் மயிர்க்கால் கிடையாது. அங்கே சொந்த முடி முளைக்க வழியில்லை. ஆனால் வாடிக்கையாளரின் வெட்டுண்ட முடித்துணுக்கு ஊசிபோலக் குத்தி உள்ளே போய், சீழ் பிடித்துத் துளையாகிவிடும். 1948இல் பாட்டி, ஸ்கார்ஃப் என்ற இரு ஆங்கிலேயர் ஒரு நாவிதரின் கையை வைத்து இதை லான்செட்டில் எழுதினார்கள். பிட்டப் பிளவில் வரும் இதேபோன்ற துளை பிறவிக்கோளாறு என்ற அதுவரையிலான நம்பிக்கையை ஆட்டம் காணச் செய்தது அந்தக் கை. 1880இல் ஹாட்ஜஸ் வைத்த பெயருக்கு முடிக்கூடு என்று பொருள், ஐ.சி.டி. 10இல் எல் 05. சீழ் உண்டா இல்லையா என்று அது கேட்கும். முடி யாருடையது என்று கேட்காது. வேலையால் வந்த நோய் என்று சொல்ல ஒய் 96 என்று உலகத் தொகுப்பில் துணை எண் ஒன்று உண்டுதான், யாராவது எழுதினால். 2021இல் தமிழக அரசு கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை நீக்கி, மொட்டையடிப்பவர்களுக்கு மாதம் 5000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. விரலிடுக்கைப் பற்றிப் பேச்சில்லை.

2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் ஆயுர்வேதம், சித்தா, யுனானிக்கு ஐ.சி.டி. 11இல் தனிப்பகுதி வெளியிட்டது. நம் ஆட்கள் கொண்டாடினார்கள். எண் கிடைத்தது ஏட்டில் ஏறிய மருத்துவத்துக்கு. ஊசி பிடித்த கைக்கு இல்லை.

வல்லக்கோட்டையில் முருகன் கோயிலைத் தாண்டினால் ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் வல்லம் வடகால். உலோகம் கடையும் இயந்திரங்களில் கூலன்ட்டும் வெட்டெண்ணெயும் முன்கையிலும் தொடையிலும் பட்டு மயிர்க்கால்களை அடைத்துப் புண்ணாக்கும். எண்ணெயாலும் கிரீசாலும் வரும் தோல் அழற்சிக்கு எல் 24.1 என்று எண் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்னிடம் காட்டிய சீட்டுகளில் இருந்த சொல் 'அலர்ஜி'. 'என்ன வேலை செய்யறேன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லலண்ணா' என்றான் ஒருவன். இ.எஸ்.ஐ. முறையில் சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, அதுவும் நாள் வரம்போடு. வேலையால் வந்த முடக்கம் என்று பதிவானால் 90. அந்த 20 விழுக்காடு, சீட்டில் எழுதப்படாத ஒரு வார்த்தையில் போகிறது.