வெற்றிலையில் மடித்த கொக்கைன்

"எங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்க சார்?"

ரெண்டு வாரம் முன்னாடி ஓபியில ஒரு அப்பா கேட்டது. பீளமேட்டுல லேத் பட்டறை வெச்சிருக்கார், பம்ப்செட் கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் கடைஞ்சு குடுக்கிறவர். பையன் காலேஜ் ரெண்டாம் வருஷம். மெத்தபெட்டமைன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அவரோட கோபம் வேற ஒண்ணுல இருந்துச்சு. "குடிகாரன் நிறுத்துனா கை நடுங்கும், பாத்திருக்கேனுங்க. இவனுக்கு அப்படி ஒண்ணுமே இல்லீங்க. பத்து நாளா திங்கறான், தூங்கறான். மறுபடியும் அதுக்கே ஓடறான். இது நோயில்லீங்க, திமிரு."

அன்னைக்கு இருந்த கூட்டத்துல முழுசா பதில் சொல்ல முடியல. இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான இழை.

முதல் கேள்விக்குப் பதில்: இருந்துச்சுங்க. 120 வருஷத்துக்கு முன்னாடியே, வெற்றிலைக்குள்ள.

கோகா இலையிலிருந்து கொக்கைனைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1860 வாக்கில், ஜெர்மனியில். 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் அதைக் கண்ணில் விட்டு, வலி தெரியாமல் கண் அறுவை செய்யலாம் என்று காட்டினார். அதே வருஷம், அதே ஊரில் ஃப்ராய்ட், ஆமாம் அதே சிக்மண்ட் ஃப்ராய்ட்தான், கொக்கைனைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மார்ஃபின் அடிமைகளுக்கு இது மருந்து என்றும் நம்பினார். மார்ஃபினில் சிக்கியிருந்த தன் நண்பர் ஃப்ளைஷலுக்குக் கொடுத்தும் பார்த்தார். நண்பர் ரெண்டுக்கும் அடிமையாகி 1891-ல் இறந்து போனார்.

இந்தியாவுக்கு அது மருந்துக்கடைச் சரக்காகத்தான் வந்தது. கல்கத்தா டாக்டர் கைலாஸ் சந்திர போஸ் 1902-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இங்கே கொக்கைன் பழக்கம் பரவுவதைப் பற்றி எழுதினார். கல்கத்தா, டெல்லி, பம்பாய் மாதிரி ஊர்களில் அதை ஊசியாகவோ மூக்குப்பொடி போலவோ எடுக்கவில்லை. பீடாவில் வைத்து, சுண்ணாம்பு தடவி மென்றார்கள்.

இந்தச் சுண்ணாம்பு விஷயத்தில் ஒரு நிமிஷம் நிற்கணும். மருந்துக்கடையில் கிடைத்த கொக்கைன் ஒரு உப்பு. அப்படியே வாயில் போட்டால் மெதுவாகத்தான் ஏறும். சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் அது கன்னத்தின் உள்தோல் வழியாகச் சுலபமாக ரத்தத்தில் கலக்கிற வடிவத்துக்கு மாறிவிடும். தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைக்காரர்கள் கோகா இலையோடு சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்து மெல்வதும் இதே காரணத்தால்தான். வேதியியல் படிக்காத ரெண்டு ஊர்க்காரங்க, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரே வழியைக் கண்டுபிடிச்சிருக்காங்க!

மாகாணங்கள் லைசென்ஸ் போட்டன. கடத்தல் பெருகியது. 1930-ல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. 1931-ல் சோப்ரா என்ற குடும்பப் பெயர் கொண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவின் கொக்கைன் பழக்கத்தைப் பற்றி விரிவாகவே எழுதினார்கள்.

அடுத்தது மெத். 1885-ல் ஜப்பானின் நாகாய் நாகாயோஷி ஒரு சீன மூலிகையிலிருந்து எஃபிட்ரினைப் பிரித்தார். 1893-ல் அதிலிருந்து மெத்தபெட்டமைன் செய்தார். 1938-ல் ஜெர்மனியில் அது 'பெர்விட்டின்' மாத்திரையாகக் கடைக்கு வந்தது. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் இதுவும் இன்னொரு பிராண்டும் சேர்த்து மூன்றரைக் கோடி மாத்திரை ஜெர்மன் படைகளுக்குப் போனது. ஜப்பானில் அதன் பெயர் 'ஹிரோபான்'. போர் முடிந்ததும் மிச்சச் சரக்கு தெருவுக்கு வந்தது. 1951-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அப்படியும் 1954-ல் கைதானவர்கள் 55 ஆயிரத்துக்கும் மேல்.

இனி அந்த அப்பாவோட "திமிரு".

அவரைக் குறை சொல்ல எங்க துறைக்கு யோக்கியதை இல்லை. அபின், சாராயம் நிறுத்தினால் உடம்பு காட்டிக்கொடுக்கும்: நடுக்கம், வாந்தி, வலிப்பு. கொக்கைன், மெத் நிறுத்தினால் அப்படி எதுவும் தெரியாது. அதனால் 'இது வெறும் பழக்கம், அடிமைத்தனம் இல்லை' என்றே பல தலைமுறை டாக்டர்கள் நம்பினோம். உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் எடுத்துப் பார்க்கிற டிஎஸ்எம் புத்தகத்தின் 1980 பதிப்பில்கூட கொக்கைன் அடிமைநிலை என்று ஒரு நோய் கிடையாது. 1987 பதிப்பில்தான் சேர்த்தார்கள். ஃப்ராய்ட் கட்டுரைக்கு 103 வருஷம் கழிச்சு!

நாங்க பாத்த இடம் தப்பு. உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நடந்தது மூளையில்.

1954-ல் கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற ரெண்டு பேர் எலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய கம்பியைச் செருகி, ஒரு நெம்புகோலையும் வைத்தார்கள். அழுத்தினால் அந்த இடத்தில் லேசான மின்சாரம் பாயும். எலி அழுத்திக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த சோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை. அந்தப் பாதையின் முக்கிய ரசாயனம் டோபமைன்.

பட்டறைக்காரருக்கு இப்படித்தான் சொன்னேன். மூளை செல் கொஞ்சம் டோபமைனை வெளியே விடும். வேலை முடிஞ்சதும் ஒரு பம்ப் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கும். கொக்கைன் அந்த பம்பை அடைச்சிடும். மெத் இன்னும் மோசம், பம்பையே தலைகீழா ஓட்டும். உள்ள இருக்கிறதெல்லாம் வெளியே கொட்டும். இதே தொடர்ந்தா பம்புகளும் குறையும், டோபமைனை வாங்கிக்கிற ஏற்பிகளும் குறையும். அப்புறம் சோறு, சினிமா, சிநேகிதம், எதுவுமே ருசிக்காது.

"அப்ப அந்தத் தூக்கம்?"

"அதுதாங்கண்ணா இதோட நடுக்கம்."

மெத் நிறுத்தினவனுக்குப் பசி, அசாத்தியத் தூக்கம், வெறுமை, சிலருக்குத் தற்கொலை எண்ணம். இந்த நாட்களில் திட்டாதீங்க, தனியா விடாதீங்க. தூக்கம் தெளிஞ்ச பிறகும் ஏக்கம் மாசக்கணக்கில் இருக்கும்.

2001-ல் நோரா வோல்கோவ் குழு மெத்தை விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. ஐந்தே பேர், சின்ன ஆய்வு. 12 முதல் 17 மாதம் தொடாமல் இருந்தபோது அந்த பம்புகள் 16 முதல் 19 சதவீதம் கூடியிருந்தன. ஞாபகம், கை வேகம் அந்த அளவுக்குத் திரும்பவில்லை என்பதையும் சொல்லணும். மெத் ஏக்கத்துக்கென்று ஒப்புதல் பெற்ற மாத்திரை இன்னும் கிடையாது. கவுன்சிலிங், கண்காணிப்பு, காலம். அவ்வளவுதான் எங்க கையில இருக்கு.

போலீஸ் பயத்துல வராம இருக்கிறவங்களுக்கு: போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற வழி தருகிறது (விற்றவர்களுக்கு இல்லை). அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். உதவி எண்கள் 14446, 14416.

நேத்து அப்பாவும் பையனும் திரும்ப வந்தாங்க. பையன் பேசல. அப்பாதான் கேட்டார்.

"ஒன்றரை வருசம் பாக்கோணுமுங்களா?"

"பாக்கோணுமுங்கண்ணா."

கொஞ்ச நேரம் அவனையே பாத்துட்டு இருந்தார். "காலையில ரெண்டு மணி நேரம் பட்டறையில கூட வெச்சுக்கறனுங்க. தூங்குனா தூங்கட்டும்."

அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன்.