வெட்டிய குழாயை இணைத்தல்: கருத்தடை மீட்பு அறுவையின் வரலாறும் அதில் ரோபோவின் இடமும்

முன்னுரை

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது தமிழகக் கடலோரத்தில் மாண்டோர் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். குழந்தைகளோ மிகப் பலர். பெற்ற பிள்ளைகள் அனைவரையும் ஒரே காலையில் இழந்த தாய்மார் மீனவக் குப்பங்களில் இருந்தனர். இரண்டு, மூன்று பிள்ளைகளுக்குப் பின் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். இனிப் பிள்ளை வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்த நாளில் வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். இத்தகைய தாய்மார்க்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைக்குத் தமிழக அரசு உதவ முன்வந்தது. அதுகாறும் மகப்பேறு மருத்துவர்களின் வட்டத்துக்குள் மட்டும் வழங்கிய ஒரு நுண்ணறுவை நாளேடுகளின் பேச்சாயிற்று.

அக்காலத்திலேயே அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இதே அறுவை ரோபோவின் துணையுடன் செய்யப்பட்டு ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. டா வின்சி என்னும் ரோபோவை மகளிர் நோய் அறுவைகளில் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது 2005 ஏப்ரலில். பேரலைக்கு நான்கு மாதம் கழித்து. கருவி இவ்வளவு வளர்ந்தபோது கருத்தடையை மீட்பதில் எது மாறியது, எது மாறவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டும் முறைகள்

1561இல் வெளியான தம் உடற்கூற்று நூலில் இத்தாலியரான கேப்ரியேல் ஃபலோப்பியோ விவரித்த கருக்குழாய் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுடையது. கருப்பையை ஒட்டிய குறுகிய பகுதியில் அதன் உட்துளை ஒரு மில்லிமீட்டர் அளவினதே. முட்டையும் விந்தணுவும் கூடுவது இக்குழாயின் அகன்ற பகுதியில். கூடியதைக் கருப்பைக்கு நகர்த்துவன குழாயின் தசையசைவும் உட்சுவரின் நுண்ணிழைகளும். ஆகவே இதனை நீர் செல்லும் வெறும் குழாயாகக் கருதுதல் பிழை. துளை திறந்திருந்தும் கருத்தரியாமை ஏற்படுவது இதனாலேயே.

அமெரிக்காவின் டொலீடோ நகர மருத்துவர் லங்ரென் 1880களின் தொடக்கத்தில் இக்குழாய்களைக் கட்டிய செய்தியே கருக்குழாய்க் கருத்தடை பற்றிய முதற்பதிவாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் பரவிய முறைகளுள் தலையாயது ரால்ஃப் பாம்ராயின் முறை. அவர் மறைந்த பின் 1930இல் அவருடன் பணியாற்றியோர் அதனை வெளியிட்டனர். குழாயின் நடுப்பகுதியை வளையமாகத் தூக்கி, கரையும் நூலால் கட்டி, வளையத்தை வெட்டியெறிவது அம்முறை. நூல் கரைந்ததும் இரு முனைகளும் விலகிவிடும். இந்தியாவில் மகப்பேற்றை ஒட்டிச் செய்யப்படும் அறுவையில் இன்றளவும் பெரிதும் வழங்குவது இதன் வழிவந்த முறையே. 1970களில் லேப்ராஸ்கோப்பி வழியே மாட்டும் சிலிக்கோன் வளையமும் ‘கிளிப்’பும் வந்தன. மின்சூட்டால் பொசுக்கும் முறையும் வழக்கில் இருந்தது. கிளிப் குழாயில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான பகுதியையே அழிக்கிறது; வளையம் அதனினும் மிகுதியாக அழிக்கிறது; மின்சூடு பல சென்டிமீட்டரைப் பாழாக்கக்கூடும். மீட்பு அறுவையைக் கருதுமிடத்து இவ்வேறுபாடே முதன்மையானது. எனினும் கருத்தடையை நிலையானதாகக் கருதிய காலத்தில் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்க யாருக்கும் தேவை எழவில்லை.

தமிழகத்துக்கு இதில் தனிப் பங்குண்டு. இந்திய அரசு 1952இல் குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை மாநிலம் 1956இல், தலைமைச் செயலர் ஆர்.ஏ. கோபாலசுவாமியின் முனைப்பால், கருத்தடை செய்துகொள்ளும் ஏழை ஆண்களுக்கு ஊக்கத்தொகை வழங்கலாயிற்று. தொடக்கத்தில் அறுவைக்கு இலக்கானவன் ஆண். நெருக்கடிநிலைக் காலத்தில் 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் நாடு முழுவதும் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அதன்பின் எழுந்த சினத்தால் ஆண் கருத்தடை அரசியலுக்கு ஆகாத பொருளாயிற்று. சுமை பெண்ணின் மேல் இறங்கியது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் மணமான பெண்களுள் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். நாட்டின் சராசரி 37.9. ஆண் கருத்தடையோ நாடளவில் 0.3 விழுக்காடே.

நுண்நோக்கியின் கீழ்

வெட்டிய குழாயை வெறுங்கண்ணால் பார்த்துத் தைத்த காலத்தில் வெற்றி அரிது. சுவீடனின் கர்ட் ஸ்வோலின் 1960களில் உருப்பெருக்கியையும் நுண்கருவிகளையும் கருக்குழாய் அறுவையில் புகுத்தினார். 1977இல் லண்டனில் ராபர்ட் வின்ஸ்டனும் கனடாவின் வான்கூவரில் விக்டர் கோமலும் நுண்ணறுவையால் கருத்தடையை மீட்ட முடிவுகளை வெளியிட்டனர். தழும்பேறிய முனைகளைச் சீவி, நல்ல திசு தென்பட்டதும் துளைக்குத் துளை பொருத்தி, தலைமயிரினும் மெல்லிய நூலால் தைத்து, இறுதியில் நீலச்சாயம் செலுத்திக் குழாய் திறந்திருப்பதை உறுதிசெய்வது அவர்கள் வகுத்த ஒழுங்கு. ரோபோவும் இவ்வொழுங்கைக் கடந்து புதிதாக எதையும் செய்வதில்லை.

மறு ஆண்டே, 1978 ஜூலை 25இல், இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. கருக்குழாயே தேவைப்படாத ஒரு வழி அன்று திறந்தது. நுண்ணறுவை செழிக்கத் தொடங்கிய வேளையிலேயே அதன் போட்டியும் பிறந்தது எனலாம். எனினும் மீளிணைப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு: ஒருமுறை இணைத்தால் தம்பதியர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இயல்பாகக் கருத்தரிக்கலாம். கருப்பைக்கு வெளியே, குழாயிலேயே, கரு தங்கிவிடும் இடர் அதன் மறுபக்கம்.

ரோபோவின் வருகை

வயிற்றைப் பெரிதாகத் திறவாமல் லேப்ராஸ்கோப்பி வழியே இவ்வறுவையைச் செய்யும் முயற்சிகள் 1980களின் இறுதியில் தோன்றின. சிறு துளைகளின் வழியே செல்லும் நீண்ட விறைத்த கருவிகள் வயிற்றுச் சுவரை அச்சாகக் கொண்டு திரும்புவன. கை இடப்புறம் சென்றால் முனை வலப்புறம் செல்லும். கையின் சிறு நடுக்கமும் முனையில் பெருகும். திரையில் தெரியும் காட்சிக்கு ஆழம் இல்லை. ஒரு மில்லிமீட்டர் துளையைச் சுற்றி நூலிடுதல் இந்நிலையில் மிகச் சிலருக்கே கைவந்தது.

இக்குறையைத் தீர்க்கவே ரோபோ அழைக்கப்பட்டது. ரோபோ என்ற சொல் இங்கு மயக்கம் தருவது. அது தானாக எதையும் வெட்டுவதுமில்லை, தைப்பதுமில்லை. சற்றுத் தொலைவில் அமர்ந்த மருத்துவரின் கையசைவைச் சுருக்கி, நடுக்கத்தை வடிகட்டிக் கருவியின் முனைக்கு அனுப்புகிறது. கிளீவ்லாந்து மருத்துவமனையில் டொமாஸோ ஃபால்கோனின் குழுவினர் 1998இல் பன்றிகளில் செய்த சோதனையை வெளியிட்டனர். பின்னர் ஸீயஸ் என்னும் ரோபோவைக் கொண்டு பெண்களுக்கு அறுவை செய்தனர். 2000இல் வெளியான அவர்களது முன்னோட்ட ஆய்வில் பத்துப் பெண்கள். இணைக்கப்பட்ட 19 குழாய்களில் 17 ஆறு வாரம் கழித்தும் திறந்திருந்தன. அறிக்கை எழுதும் வேளையில் ஐவர் கருவுற்றிருந்தனர். அதே ஆண்டில் பிரசல்ஸ் நகரக் குழுவொன்று டா வின்சியின் துணையுடன் எட்டுப் பெண்களுக்கு இவ்வறுவையைச் செய்த செய்தியை வெளியிட்டது. 2003இல் ஸீயஸைச் செய்த நிறுவனம் டா வின்சியைச் செய்த நிறுவனத்துடன் இணைந்தது, ஸீயஸ் வழக்கொழிந்தது. மணிக்கட்டைப் போல வளையும் முனையும் ஆழம் காட்டும் காட்சியும் கொண்ட டா வின்சியே நிலைத்தது. தொடுவுணர்வை மட்டும் அது மருத்துவருக்குக் கடத்தவில்லை.

ஒப்பீடுகளும் அவற்றின் பொருளும்

ரோபோ முறையை மதிப்பிட்ட இரண்டு ஒப்பீடுகளை அருகருகே வைத்து நோக்குதல் தகும். 2007இல் கிளீவ்லாந்துக் குழு, ரோபோ வழியே அறுவை செய்துகொண்ட 26 பெண்களைச் சிறு கீறல் வழியே அறுவை செய்து அன்றே வீடு திரும்பிய 41 பெண்களுடன் ஒப்பிட்டது. ரோபோ அறுவைக்கு 229 நிமிடம்; சிறு கீறலுக்கு 181 நிமிடம். கருவுற்றோர் முறையே 61, 79 விழுக்காட்டினர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. ரோபோவுக்குக் கூடுதலாக ஆன செலவு 1,446 டாலர். ஆதாயம், இயல்பு வாழ்வுக்கு ஒரு வாரம் முன்னதாகத் திரும்பியது.

2008இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு ரோபோவை வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையுடன் ஒப்பிட்டது. அதில் மருத்துவமனையில் தங்கிய நேரம் 34 மணியிலிருந்து 4 மணியாகக் குறைந்தது. இயல்புப் பணிக்குத் திரும்ப ஆன காலம் 28 நாளிலிருந்து 11 நாளாகக் குறைந்தது. இதைப் படிப்போர்க்கு ரோபோ பெருவெற்றியாகத் தோன்றும். முன்னதைப் படிப்போர்க்கு அவ்வாறு தோன்றாது. இரு ஆய்வுகளிலும் ரோபோ ஒன்றே. எதனுடன் ஒப்பிடப்பட்டது என்பதே வேறு. பயின்ற கையும் சிறு கீறலும் இருக்குமிடத்தில் ரோபோவின் ஆதாயம் சுருங்குகிறது. பெரிய கீறலே வழக்கமான இடத்தில் விரிகிறது. கருத்தரிப்பைப் பொறுத்தவரை இரண்டில் எதுவும் ரோபோவுக்கு முதலிடம் தரவில்லை. பெண்ணின் வயது, முன்பு கட்டிய முறை, கட்டிய இடம், எஞ்சிய குழாயின் நீளம் ஆகியவையே வெற்றியை முடிவு செய்கின்றன. எஞ்சிய நீளம் நான்கு சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குமாயின் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பேரலைக்குப் பின் அறுவை மேசைக்கு வந்த தாய்மாரின் நிலையும் இக்காரணங்களையே சார்ந்திருந்தது. அவற்றுள் வயதை நாள்கள் கூட்டிக்கொண்டிருந்தன; ஏனையவை பல ஆண்டுகளுக்கு முன்பே, முதல் அறுவை நாளிலேயே முடிந்துவிட்டன.

முதல் அறுவையின் வயது

மீட்பு அறுவையை நாடுவோர் பேரிழப்புக்கு ஆளானோர் மட்டுமல்லர். மறுமணமும், குழந்தையொன்றின் நோய்ச்சாவும், மிக இளமையில் எடுத்த முடிவும் அதற்குக் காரணமாகின்றன. அமெரிக்காவில் கருத்தடை செய்துகொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பதினான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்த ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. முப்பது வயதுக்கு மேல் அறுவை செய்துகொண்டோரில் வருந்தியோர் 5.9 விழுக்காடு, முப்பதும் அதற்குக் கீழும் ஆனோரில் 20.3 விழுக்காடு. பதினெட்டு முதல் இருபத்துநான்கு வயதுக்குள் செய்துகொண்டவர்களில் மீட்பு அறுவை பற்றி விசாரித்தோர் ஏறத்தாழ 40 விழுக்காடு. ஆனால் அனைத்து வயதினரையும் சேர்த்து, அவ்வறுவையை உண்மையில் பெற்றோர் 1.1 விழுக்காடே. விசாரிப்புக்கும் அறுவை மேசைக்கும் இடையிலான இப்பள்ளத்தில் பணமும் பயின்ற மருத்துவரின் இன்மையும் கடந்துவிட்ட வயதும் கிடக்கின்றன. விலை மிகுந்த கருவி இவற்றுள் முதலாவதை மேலும் ஆழமாக்கவே செய்யும்.

இந்திய அரசு 2006இல் வெளியிட்ட கருத்தடைத் தரநெறி, அறுவைக்கு வரும் பெண் 22 வயதுக்கு மேற்பட்டவராகவும், தம்பதியர்க்கு ஒரு வயது கடந்த குழந்தை ஒன்றேனும் உடையவராகவும் இருத்தல் வேண்டும் என வரையறுத்தது. அந்த நெறிக்குட்பட்டு இருபத்துமூன்று வயதில் மகப்பேற்றின் கையோடு கட்டிக்கொள்ளும் ஒரு பெண்ணுக்குக் கருத்தரிக்கும் பருவம் இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியிருக்கிறது. அவருக்கு எத்தனை சென்டிமீட்டர் குழாய் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அன்று கத்தியைப் பிடித்திருக்கும் மருத்துவரின் கையில் இருக்கிறது.